வளவுக்குள் ஒரு சின்தசைசர்: வாசகர் கேள்வி – பதில்

சொந்தமாக மின்னிசை செய்து தாங்களே வெளியிடும் இளைஞர்கள் செட்டிநாட்டுப் பக்கம் பெருகிவருகிறார்கள் என்பது இம்முறை வந்த கடிதங்களிலேயே தெரிந்தது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

எங்கள் பூர்வீக வீட்டின் நடு முற்றமான வளவில் நின்று பேசினாலே குரல் கணீரென்று இருக்கும். அந்த ஒலியை என் பாட்டில் கொண்டுவர முடியுமா? போனில் பதிவு செய்தால் சப்பென்று இருக்கிறது.
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

தாராளமாக முடியும். போன் ஏமாற்றியதற்குக் காரணம் இருக்கிறது. அதன் ஒலிப்பதிவு ஆப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சு நின்றதும் பின்னால் தொடரும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். நீங்கள் தேடுவதோ அந்தத் தொடர் ஒலியைத்தான்.

செய்யவேண்டியது, அந்த இடத்தின் 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' எடுப்பது. இடம் ஒலியை எப்படித் திருப்பித் தருகிறது என்பதன் அச்சு அது. ஒருமுறை எடுத்துவிட்டால் எந்தக் குரலையும், மின்னொலி உண்டாக்கும் எந்தச் சின்தசைசரையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்த வளவில் நிறுத்தலாம்.

முதலில் கை தட்டிக்கொண்டே வீடு முழுக்க நடந்து பாருங்கள். வளவு வானம் பார்த்தது. ஒலியில் ஒரு பங்கு மேலே போய்விடும்; அதனால் அங்கே கார்வை (ஒலி நீடிப்பது) குறைவு, தெளிவு அதிகம். மேல்தளம் மூடிய முகப்புக் கூடத்தில் கார்வை நீளும். முட்டை வெண்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் ஒலியை மிகக் கொஞ்சமே உறிஞ்சும். வரிசையாக நிற்கும் தேக்குத் தூண்கள் அதைச் சிதறடிக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் காதில் விழும் 'கணீர்'. நேருக்கு நேர் நிற்கும் இரு வழவழப்பான சுவர்களின் நட்டநடுவில் தட்டினால் 'டர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். அந்த இடம் வேண்டாம். நடுக்கோட்டிலிருந்து நாலடி விலகி, ஸ்பீக்கரைச் சற்றுக் கோணலாகத் திருப்பினால் அது போய்விடும்.

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒரு ஒலியை அது ஸ்பீக்கரில் வாசித்து, மைக்கில் திரும்ப வாங்கி, கணக்குப் போட்டு வேவ் ஃபைலாகத் தரும். ஏறும் நேரத்தை 20 விநாடி அளவுக்கு நீளமாக வையுங்கள். நீளம் கூடக்கூட இரைச்சலின் பங்கு குறையும். ஸ்பீக்கர் காது உயரத்தில், மைக் 6 முதல் 8 மீட்டர் தள்ளி. இரண்டு மைக் இருந்தால் 17 செ.மீ. இடைவெளியில், 110 பாகை விரித்து வையுங்கள். ஸ்டீரியோ அகலம் கிடைக்கும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அளவு உச்சத்தில் −10 டெசிபெல்லைத் தாண்டவேண்டாம். மூன்று முறை எடுத்து, சுத்தமானதை வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது ஒரு இடத்தில்தான். போனில் வாசித்து லேப்டாப்பில் பதிவு செய்வார்கள். இரு கருவிகளின் கடிகாரமும் இம்மியளவு வேறுபடும். 20 விநாடியில் அது சேர்ந்து மேல் சுருதிகள் கலங்கிப்போகும். வாசிப்பதும் பதிவதும் ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வழியாகவே நடக்கவேண்டும்.

நேரமும் முக்கியம். இரவு அமைதி என்று நினைத்து உட்கார்ந்தால் சில்வண்டுகள் விடமாட்டா. அவற்றின் கீச்சு மேல் சுருதியில் கோடு மாதிரி பதிந்துவிடும். கோடையில் மதியம் இரண்டு மணி, புறாக்களும் அடங்கிய நேரம், நல்லது. மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

கிடைத்த ஃபைலை, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் உள்ள ரீவெர்ப் போன்ற கன்வல்யூஷன் ரிவர்பில் (இடத்தின் அச்சை ஒலியோடு சேர்க்கும் கருவி) ஏற்றுங்கள். தொடக்கத்தில் உள்ள நேரடி ஒலியை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மூல ஒலி இரட்டிக்கும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டிவிடுங்கள். சிறிய ஸ்பீக்கர் அங்கே உருப்படியாக எதையும் தந்திருக்காது. பதிந்திருப்பது பெரும்பாலும் இரைச்சல்.

முதலில் வாங்கவேண்டியது மிடி கீபோர்டா, மானிட்டர் ஸ்பீக்கரா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

இரண்டும் இல்லை. இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸும், ஒயர் உள்ள மூடிய ஹெட்போனும். மைக் அதற்குப் பிறகு.

ஸ்பீக்கர் இப்போது வேண்டாம் என்பதற்குக் கணக்கே சாட்சி. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். 3 மீட்டர் அகல அறையில் 58 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் நின்று அதிரும். தாளத்தின் கனத்த அடியான கிக் டிரம் இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான். அறை உப்பிக் காட்டும் பேஸை நம்பி நீங்கள் குறைத்துவிடுவீர்கள். வெளியில் போட்டால் பாட்டு மெலிந்து கிடக்கும்.

புளூடூத் ஹெட்போன் வாசிப்பதற்கு ஆகவே ஆகாது. தட்டியதற்கும் கேட்பதற்கும் நடுவே தாளம் தடுமாறும் அளவுக்குத் தாமதம் வரும். ஒயர் ஹெட்போனில், பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுக்கும் ஒலித்துண்டின் அளவு) 128 வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 2.7 மில்லிவிநாடிதான். படபடவென்று வெடித்தால் 256. மிக்ஸிங் செய்யும்போது 1024க்கு ஏற்றிவிடுங்கள்.

மென்பொருளுக்குச் செலவே வேண்டாம். ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். சர்ஜ் எக்ஸ்டி முழு இலவசம், வைட்டலுக்கு இலவசப் பதிப்பு உண்டு. இந்த இரண்டு சின்தசைசரையும் கரைத்துக் குடிக்கவே ஒரு வருடம் பிடிக்கும்.

நாதஸ்வரம் – தவிலைப் பதிவு செய்து மின்னிசையோடு சேர்த்தேன். நாதஸ்வரம் அபஸ்வரமாகக் கேட்கிறது. பிட்ச் கரெக்‌ஷன் போட்டால் உயிர் போய்விடுகிறது.
– ஒரு வாசகர், குன்றக்குடி

நாதஸ்வரத்தைத் தொடாதீர்கள். சின்தசைசரை அதன் சுருதிக்குக் கொண்டுவாருங்கள்.

வித்வான் ஆதார ஷட்ஜத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தை டியூனரில் பாருங்கள். இரண்டரைக் கட்டை என்றால் கீபோர்டில் 311.1 ஹெர்ட்ஸ். உங்கள் பதிவில் 316 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 27 சென்ட் கூடுதல். அரைச் சுரத்துக்கு 100 சென்ட், ஆக கால் பங்குக்கு மேல். அதுதான் உங்கள் காதை உறுத்துகிறது. எல்லாச் சின்தசைசரிலும் மாஸ்டர் டியூனை +27 சென்ட் வையுங்கள். 440 என்ற எண் மட்டுமே இருந்தால் 446.9 என்று போடுங்கள். ஊதும் சீவாளி நனைந்து பழகப் பழக சுருதி நகரும். எனவே வாசிப்பின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

பின்னணியில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போடாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. மேஜர் கார்டில் உள்ள அந்தரகாந்தாரம், கீபோர்டின் சமப் பகுப்பு முறையில் இயல்பான இடத்தைவிட 14 சென்ட் மேலே இருக்கும். நாதஸ்வரம் அங்கே வந்து நின்றால் இரண்டும் மோதும். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் போதும். அதற்குள் ஃபில்டரைத் திறந்து மூடி ஒலியின் நிறத்தை மாற்றுங்கள்.

மைக்கை அணைசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்) நேரே வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஒலி விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. அணைசில் மட்டும் வாங்கினால் சில சுரம் காதைக் கிழிக்கும், சில சுரம் பதுங்கும். உடலின் நடுப்பகுதிக்கு எதிரே, மூன்றடி தள்ளி வையுங்கள். கண்டென்சர் மைக் என்றால், வரும் ஒலியைக் குறைக்கும் பேடு சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

தவிலுக்கு இரண்டு மைக். விரல்களால் வாசிக்கும் வலந்தலைக்கு ஒரு அடிக்குச் சற்று மேல் தள்ளி ஒன்று. விரல் கூடுகள் தோலில் படும் 'டக்' அதில் துல்லியமாக வரவேண்டும். குச்சியால் அடிக்கும் தொப்பிக்கு டைனமிக் மைக். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பியின் கனம் காணாமல் போனால், ஒரு சேனலில் போலாரிட்டியைத் திருப்புங்கள். ஒரு பக்கத் தோல் உள்ளே போகும்போது மறுபக்கத் தோல் வெளியே வருவதால் இது அடிக்கடி நடக்கும்.

தனித்தனி அடிகளாக எடுத்துச் சாம்ப்ளரில் போடுவதானால், ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று ஐந்தாறு முறை வாசிக்கச் சொல்லி எடுங்கள். ஒரே 'தொம்'மைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கும். தவில்காரரை மெட்ரோனோமுக்கு வாசிக்க வற்புறுத்தவும் வேண்டாம். அவர் நடையை அவர் போக்கில் பதிந்துகொண்டு, ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் ரீப்பரில் டெம்போ குறியிட்டால் உங்கள் கிக் அவரைப் பின்தொடரும். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவின் மேல் நாலுக்கு நாலு கிக் போட ஆசையா? நான்கு ஆவர்த்தனத்துக்கு 28 எண்ணிக்கை. கிக்கின் ஏழு சுற்றுக்கும் அதே 28. அந்த இடத்தில் இரண்டும் சமத்தில் கூடும். பாட்டின் திருப்பங்களை அங்கே வையுங்கள்.

பழைய வீட்டில் பதிவு செய்யும்போது 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஆத்தங்குடி

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள். ரீங்காரம் நின்றால் குற்றம் எர்த்தில். பழைய வயரிங்கில் மூன்று துளை பிளக் இருந்தாலும் எர்த் கம்பி எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. எலெக்ட்ரீஷியனை அழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்ட எர்த் குழியாக இருந்தால் கோடையில் காய்ந்துபோகும், தண்ணீர் ஊற்றவேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து எடுங்கள். பிளக்கின் எர்த் முள்ளை உடைத்து ரீங்காரத்தை நிறுத்துபவர்கள் உண்டு. உயிருக்கே ஆபத்து, செய்யாதீர்கள்.

பேட்டரியிலும் 'ஜ்ஜ்' என்று கேட்டால் விசிறி ரெகுலேட்டரையும் இன்வெர்ட்டரையும் சந்தேகப்படுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இசைக்கு எதிரி.

திருவிழாவில் மைக் செட் அண்ணனிடம் என் டிராக்கைக் கொடுத்தேன். பேஸும் இல்லை, பாதி சின்தசைசரும் காணோம். வீட்டில் நன்றாகத்தான் இருந்தது.
– ஒரு வாசகர், புதுவயல்

மைக் செட் மேல் தவறில்லை. தெருவில் கட்டும் கூம்புக் குழாய் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேசாது. உங்கள் கிக்கின் உயிர் 55 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அது குழாய்க்குள் போவதே இல்லை.

வழி இருக்கிறது. பேஸ் மீது சேச்சுரேஷன் (ஒலியைச் சற்றே கரகரக்க வைப்பது) போட்டால் 55இன் மடங்குகள், 330, 385, 440 என்று மேலேயும் முளைக்கும். மடங்குகளைக் கேட்கும் காது அடி ஒலியைத் தானே கற்பித்துக்கொள்ளும். கிக்கின் தொடக்கத்தில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன 'டிக்' சேருங்கள்.

சின்தசைசர் காணாமல் போனதற்குக் காரணம் வேறு. மைக் செட் பெரும்பாலும் மோனோ; இடம், வலம் இரண்டையும் ஒன்றாக்கித்தான் ஒலிக்கும். அகலமாக்கும் பிளக்-இன் இடத்தையும் வலத்தையும் எதிரெதிராகத் திருப்பியிருக்கும். இரண்டும் கூடினால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். மாஸ்டரில் மோனோ பொத்தானைப் போட்டு, 350 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அப்படியே ஒருமுறை முழுப் பாட்டையும் கேளுங்கள். அந்தக் கோலத்திலும் பாட்டு நின்றால் எந்தத் தெருவிலும் நிற்கும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. தெரு நெடுகக் குழாய் கட்டியிருப்பார்கள். 35 மீட்டருக்கு ஒன்று என்றால், பக்கத்துக் குழாயின் ஒலி உங்களை 0.1 விநாடி தாமதித்து வந்து சேரும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு அடியின் கால் பங்கு 0.125 விநாடி. ஆக உங்கள் வேகமான ஹை-ஹேட் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சலசலப்பாகிவிடும். தெருவுக்கென்று தனிப் பதிப்பு செய்யுங்கள்: அடிகள் குறைவு, இடைவெளி அதிகம், ரிவர்ப் அறவே வேண்டாம், தெருவே அதைத் தரும். தவில் தொப்பியும் உறுமியும் திறந்தவெளியில் எவ்வளவு இடம் விட்டு ஒலிக்கின்றன என்று கவனித்தால் இது புரியும்.

பென்டிரைவை ஃபேட் 32இல் ஃபார்மட் செய்து, 16 பிட் வேவ் ஒன்றும் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்றும் போட்டுக் கொடுங்கள். 24 பிட்டைப் பல பிளேயர்கள் படிக்காது.

எங்கள் ஆயா (பாட்டி) பாடும் தாலாட்டை வைத்து ஒரு ஆம்பியன்ட் (மெல்லச் சூழ்ந்து ஒலிக்கும்) பாட்டு செய்ய ஆசை. உரிமைப் பிரச்சினை வருமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த தாலாட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லை. ஆனால் ஆயா பாடியது அவருடைய நிகழ்த்துகை. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு உண்டு. வெளியிடப்போகிறீர்கள் என்பதை அவருக்குச் சொல்லி, சம்மதத்தைப் பதிவிலேயே வாங்குங்கள். செட்டிநாட்டுத் தாலாட்டில் மாமன், அத்தை என்று சொந்தங்களும் சீர் சிறப்பும் வரும். உங்கள் குடும்பத்துப் பெயர்கள் அதில் இருந்தால் எந்த அடியை வெளியிடுவது என்பதையும் அவரே சொல்லட்டும்.

கேசட்டிலோ இசைத்தட்டிலோ வெளியான தாலாட்டை எடுத்தால் கதை வேறு. ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. பத்து விநாடிக்குள் எடுத்தால் தப்பில்லை என்று சொல்வதை நம்பாதீர்கள். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே இல்லை.

பதிவு செய்யும்போது ஏணையை (துணித் தொட்டில்) ஆட்டிக்கொண்டே பாடச் சொல்லுங்கள், வெற்று ஏணையானாலும் சரி. அவர் மூச்சு விடும் இடம் அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது. சும்மா உட்கார்ந்து பாடினால் அடிகள் நெருங்கிவிடும். மைக் வாய்க்கு ஒரு அடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். பாடப் பாடச் சுருதி மெல்ல ஏறும். அதை ஆட்டோடியூனில் இழுத்துக் கட்டாமல், உங்கள் பின்னணி சுருதியை ஓரிரு சென்டாக அவரோடு ஏற்றிக்கொண்டே போங்கள். கேட்பவருக்கு ஏறுவது தெரியாது, இதம் மட்டும் தெரியும்.

மின்னிசை மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்கிறார்கள். நம் பக்கத்தில் யாரைக் கேட்கலாம்?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே மோக் சின்தசைசர் வந்துவிட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அமைத்துக்கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்டோர் அதில் வேலை செய்தார்கள். அந்த நாடாக்களின் தொகுப்பு 2023இல் வெளிவந்திருக்கிறது. இன்றைக்குக் கேட்டாலும் முகம் மலர்கிறது.

1982இல் பம்பாயின் சரண்ஜித் சிங் ரோலண்டின் ஜூப்பிட்டர்-8 சின்தசைசர், டிஆர்-808 தாளக் கருவி, டிபி-303 பேஸ் கருவி ஆகியவற்றைக் கொண்டு பத்து ராகங்களை ஒரு தட்டுக்காகப் பதிந்தார். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான், சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறப்பதற்கு முன்பே இங்கே அந்த ஒலி இருந்ததே என்று உலகம் வியந்தது. 303இன் ஸ்லைடு ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் விதத்தை அதில் கவனியுங்கள். நம் இசையில் சுரத்தை வழுக்கும் ஜாருக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் வழுக்கும் நேரம் எப்போதும் ஒன்றே என்பதால், சுரத்தை அசைக்கும் கம்பிதம் அதில் வராது. அந்த வித்தியாசத்தைப் பிடிக்க, காரைக்குடி வீணைச் சகோதரர்களில் இளையவரான சாம்பசிவ ஐயரின் பதிவை அடுத்து வைத்துக் கேளுங்கள். பிறகு பிட்ச் பெண்டில் நீங்களே செய்து பாருங்கள். இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியாது.

ஈழத் தமிழ் வேர் கொண்ட எம்.ஐ.ஏ. 2005இல் தந்த முதல் ஆல்பத்துக்கு அடித்தளம், தாளமும் மெட்டும் சேர்த்து அமைக்கும் எம்சி-505 என்ற ஒற்றைக் கருவி. அருஷி ஜெயின் 2021இல் வெளியிட்ட ஆல்பத்தில் மாடுலர் சின்தசைசரில் ராகம் மெல்ல விரிகிறது. தமிழில் அறிவும் ஆஃப்ரோவும் 2019இல் தந்த 'தெருக்குரல்', சொல்லுக்கு இடம்விட்டு அடியைக் கட்டுவது எப்படி என்பதற்கு நல்ல உதாரணம்.

பெருநகரம் போனால்தான் ஒலிப்பதிவு என்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 1947இல் வந்த 'நாம் இருவர்' உருவானது காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். அமைத்த ஸ்டூடியோவில்.

பாட்டு தயார். வெளியிடும் முன் என்னென்ன பார்க்கவேண்டும்?
– ஒரு வாசகர், கோட்டையூர்

சத்தத்தை ஏற்றி நசுக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தின் அளவு) அளவுக்குச் சமன்செய்கிறது. −7இல் நசுக்கிக் கொடுத்தால் அது இறக்கிவிடும். நசுங்கல் மட்டும் மிஞ்சும். ட்ரூ பீக் (உச்ச அளவு) −1 டெசிபெல்லைத் தாண்டவேண்டாம். அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற எழுத்தும் எண்ணுமாக 12 இடக் குறியீடு உண்டு. பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகிப்பவர் தருவார். விநியோகிப்பவரை மாற்றினாலும் குறியீட்டை மாற்றாதீர்கள், மாற்றினால் கேட்ட கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும் ஆபத்து உண்டு. தெருப் பதிப்புக்குத் தனிக் குறியீடு வாங்குங்கள். ஸ்பாட்டிஃபையின் பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பவேண்டும். மூன்று வாரம் வைத்துக்கொள்வது நிம்மதி.

வருமானம் பற்றி: 12 மாதத்தில் 1000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் பணம் இல்லை. ரசிகர்களுக்கு நேரே விற்கும் தளமான பேண்ட்கேம்பில் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் போக மீதி உங்களுக்கு. கட்டணச் செலவு தனி. நூறு பேர் உண்மையாக விரும்பிக் கேட்கும் இசைக்கு இரண்டாவதுதான் பொருத்தம். இசையமைப்பாளராக, பாட்டின் உரிமைத் தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பிலும் உறுப்பினராகிவிடுங்கள்.

தவில்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் பேசிய சன்மானத்தைக் கொடுத்து, இந்தப் பதிவை எங்கெல்லாம் பயன்படுத்துவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி நீங்களும் அவர்களும் கையெழுத்திடுங்கள். ஏற்றும் படிவத்தில் நிகழ்த்துநர் என்ற இடத்தில் அவர்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் நிரப்புங்கள். வெளியான பிறகு திருத்தினால், ஒவ்வொரு தளத்திலும் அது மாறி வர நாள் பிடிக்கும்.